கம்பத்தில் ஏறும் முன் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

“அக்கா, நான் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) பெற்றோருடன் இருக்கிறேன். ஓராண்டாகப் ‘போல் டான்ஸ்’ என்ற கம்ப நடனம் கற்றுக்கொள்கிறேன். மாதத்தில் இரண்டு முறை ரயில் ஏறிக் கோலாலம்பூரில் வகுப்புக்குப் போகிறேன். மற்ற நாள்களில் வீட்டில் வாங்கி வைத்த கம்பத்தில் பயிற்சி செய்கிறேன். சுழற்சிகள் ஓரளவு வருகின்றன. ஆனால் தலைகீழாகப் போக முடியவில்லை, கையும் வழுக்குகிறது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் முன்னேறிவிட்டார்கள். கைபேசியில் பார்த்த ஹேண்ட்ஸ்பிரிங்கை, அதாவது கைகளால் மட்டும் கம்பத்தைப் பிடித்து உடலை மேலே எழுப்பும் நிலையை, வீட்டில் முயன்று பார்க்கலாமா? அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பம் இல்லை.” தங்கை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது.

தங்கை, ஹேண்ட்ஸ்பிரிங் இப்போது வேண்டாம். வீட்டில் தனியாக வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தலைகீழாகப் போவது உங்களுக்கு நிச்சயம் வரும். அது இதுவரை வராததற்குக் கையில் பலம் இல்லை என்பது காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஓராண்டு சுழன்ற கைக்கு வேண்டிய பலம் ஏறக்குறைய வந்திருக்கும். ஏறுவதை மட்டுமே பழகி, இறங்குவதைப் பழகாமல் விட்டிருப்பீர்கள். வகுப்புக்கு அடிக்கடி போக முடியாதவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தேங்கி நிற்கிறார்கள்.

முதலில் வழுக்கலைப் பார்ப்போம், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பிரச்சினை அதுதான். தோல் சற்றே ஈரமாக இருக்கும்போதுதான் உலோகத்தை நன்றாகப் பற்றும். காய்ந்து வறண்டாலும் வழுக்கும், வியர்வை படலமாகப் படிந்தாலும் வழுக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்த காணொளிகளில் “கம்பத்தைச் சூடாக்குங்கள், கையை ஈரமாக்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்வார்கள். அது அவர்களுடைய காற்றுக்குச் சரி. உங்கள் சிக்கல் நேர் எதிரானது. மாலை மழை அடித்து ஓய்ந்த பிறகு செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து வருகிற காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் குளிர்ந்த கம்பத்தின்மேல் பனி பூத்தாற்போல நீர் படியும். விரலால் கோடு இழுத்துப் பாருங்கள், தடம் தெரியும். அந்த நேரத்தில் எந்தப் பவுடரும் உதவாது. கம்பம் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து, துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். சுவரில் மாட்டிய காற்றாடியைக் கம்பத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள். காலைக் குளிர்ச்சி உடலுக்கு நல்லதுதான், ஆனால் காற்றின் ஈரம் அப்போதுதான் அதிகம். அதனால் காலையிலும் காற்றாடி வேண்டும்.

கைக்கு மலையேறுபவர்கள் பூசும் மக்னீசியம் கார்பனேட், அதாவது சாக் (chalk) பொடி, போதும். திரவமாக வருவதை வாங்கினால் வீடு வெள்ளையாகாது. கொஞ்சமாகப் பூசி, காயவிட்டு, பிறகு பிடியுங்கள். பிசுபிசுப்பான பசைகளில் சில வறண்ட தோல் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. வியர்க்கும் கையில் அவை சேறுபோல ஆகிவிடும். வாங்கும் முன் யாருக்காக என்று படித்துப் பாருங்கள்.

எண்ணெய் விஷயம் நம் வீடுகளுக்கே உரியது. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாலையில் கம்பத்தைப் பிடித்தால் எவ்வளவு சீயக்காய் போட்டிருந்தாலும் தொடையிலும் முழங்கால் மடிப்பிலும் எண்ணெய் மிச்சம் இருக்கும். எண்ணெய்க் குளியல் அன்று கம்பத்துக்கு ஓய்வு கொடுங்கள். தீபாவளிக் காலையும் அப்படியே. பின்னலில் தேங்காய் எண்ணெய் இருந்தால் தலையைப் பின்னால் சாய்க்கும்போது அது கம்பத்தில் தேய்ந்துவிடும். அடுத்த பிடியில் கை நழுவும்போது ஏன் என்றே தெரியாது. கொண்டை போட்டு, மேலே ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உலோகத்தோடு உலோகம் உரசினால் கம்பத்தில் கீறல் விழும், நடுவில் சிக்கிய தோலும் கிழியும்.

கம்பத்தை மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பயிற்சிக்கு முன் ஒரு முறை, நடுவில் வழுக்கத் தொடங்கும்போது ஒரு முறை. நம் வீடுகளில் கூடத்திலேயே சாமி மேடை இருக்கும், விளக்கும் எரியும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும். விளக்கு அணைந்த பிறகு, சன்னல் திறந்திருக்கும்போது மட்டும் துடையுங்கள். பவுடர் பூச்சுக் கம்பமாக இருந்தால் ஸ்பிரிட் வேண்டாம், பூச்சு கெடும்.

கம்பத்தின் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டிகளில் பயன்படுவது 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பம். வீட்டுக்கும் அதுவே நல்லது, வகுப்பில் பிடித்த கை வீட்டிலும் அதே கையாக இருக்கும். பெரும்பாலும் கிடைப்பது குரோம் பூசியது. பித்தளை ஈரக்காற்றில் இன்னும் நன்றாகப் பிடிக்கும், விலையும் கூடுதல். குரோம் பூச்சின் அடியில் நிக்கல் இருக்கும். கவரிங் தோடு போட்டால் காதில் புண் வருகிறவராக இருந்தால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பத்தைப் பாருங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் கம்பம் எதன்மேல் அழுத்தி நிற்கிறது? தரைக்கும் மேல்தளத்துக்கும் இடையே இறுக்கி நிறுத்தும் கம்பத்துக்கு மேலே கான்கிரீட் தளமோ உறுதியான உத்தரமோ இருந்தாக வேண்டும். தாமான்களில் உள்ள ஒரு மாடி வீடுகளில் நாம் அண்ணாந்து பார்ப்பது பெரும்பாலும் கூரையிலிருந்து தொங்கும் மெல்லிய பலகைதான். பழைய தோட்டத்து லயன் வீடுகளிலும் அதே நிலைதான். அந்தப் பலகையை அழுத்தி நிற்கும் கம்பம் நேராகத்தான் தெரியும், ஒரு நாள் சுழற்சியின் நடுவில் சாய்ந்துவிடும். சுத்தியலின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் அங்கே உத்தரம் இல்லை. இரண்டு மாடி வீடாக இருந்தால் கீழ்க்கூடம் பொதுவாகப் பாதுகாப்பானது, மேலே கான்கிரீட் தளம் இருக்கும். அப்படி இல்லையென்றால் அகன்ற மேடையோடு தனியாக நிற்கும் கம்பமே வழி. எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் இறுக்கத்தைச் சோதியுங்கள். சுற்றிலும் கை கால் முழுவதும் நீட்டும் அளவு இடம் வேண்டும். தலைகீழ்ப் பயிற்சிக்குத் தடித்த மெத்தை வேண்டும், யோகா விரிப்பு போதாது.

இனி இறங்குவதைப் பற்றி. தசை சுருங்கி உடலைத் தூக்குவதை விட, நீண்டுகொண்டே எடையைத் தாங்கி மெதுவாக இறக்கும்போது கூடுதல் பாரத்தைச் சுமக்கும். தூக்க முடியாத எடையைக்கூட நிதானமாக இறக்க முடியும். அதனால் ஒரு நிலைக்கு ஏறும் பலம் வரும் முன்பே, அதிலிருந்து இறங்கும் பயிற்சி அந்தப் பலத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பாதுகாப்புக்கும் அதுவே அடிப்படை. பயந்தவர்கள் காலை வீசி உந்துவார்கள், மேலே போன பிறகு எப்படி வருவது என்று தெரியாமல் கையை விடுவார்கள். வகுப்பில் ஆசிரியர் இடுப்பைத் தாங்குவார். வீட்டில் தரைதான் தாங்கும்.

தலைகீழ் நிலையைத் துண்டு துண்டாகப் பாருங்கள். கம்பத்துக்குப் பக்கவாட்டில் நின்று, அக்குளோடு அதை ஒட்டவைத்து, முகத்துக்கும் மார்புக்கும் நேராக இரண்டு கைகளாலும் பிடிக்கிறீர்கள். முதல் வேலை கால்களுக்கு இல்லை, தோள்களுக்கு. தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்தது. அதைக் கீழே இழுத்து, தோள்பட்டை எலும்பு முதுகோடு படிய வேண்டும். அடுத்து முழங்கை மடிந்து உடல் கம்பத்தோடு நெருங்க வேண்டும். அதன் பிறகுதான் முழங்கால்கள் மார்பை நோக்கி மடிந்து எழும், தலை பின்னால் சாயும், இடுப்பு கைகளுக்கு மேலே வரும். கடைசியில்தான் கால்கள் இரண்டு பக்கமும் விரியும். பலரும் கடைசிப் படியை முதலில் செய்கிறார்கள். கால்களைத் திறந்து வீசினால் எடை கம்பத்தை விட்டு விலகிப் போகும், கை அதைத் தாங்காது. உங்கள் கை வழுக்குவதற்குப் பாதிக் காரணம் வியர்வை என்றால் மீதி இதுவாக இருக்கலாம். கைபேசியைப் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடித்து, கால் தரையை விட்டு எழும் அந்த நொடியில் நிறுத்திப் பாருங்கள். காதுக்கும் தோளுக்கும் இடையே கழுத்து தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அன்றைக்குத் தலைகீழை விட்டுவிட்டுத் தோளைப் பழக்குங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை இவை. கம்பத்தின் அடியில் தலை இருக்கும்படி மெத்தையில் மல்லாந்து படுங்கள். கைகளைத் தலைக்கு அப்பால் நீட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை மடக்கி இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தி, கால்கள் தலைக்கு மேலாகக் கம்பத்தைத் தொடும்வரை கொண்டு போங்கள். பிறகு ஐந்து எண்ணும் வரை இழுத்து, முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தரையில் படிய இறங்குங்கள். கடைசியில் இடுப்பு தொப்பென்று விழுந்தால் அது கணக்கில் சேராது. ஐந்து முறை ஒழுங்காக வந்தால் போதும். அது எளிதான பிறகு, நின்றபடி பிடித்து முழங்கால்களை மட்டும் மார்புக்கு மடக்கி, தொங்கி, மெதுவாகப் பாதங்களைத் தரைக்குக் கொண்டு வாருங்கள். தலைகீழாகப் போக வேண்டாம், இந்த மடிப்போடு நிறுத்துங்கள். முழுத் தலைகீழை வகுப்பில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள். அவர் தூக்கிவிடட்டும், இறங்குவதை மட்டும் நீங்களே செய்கிறேன் என்று கேட்டு வாங்குங்கள். நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார்.

எந்த நிலையாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: இரண்டு கைகளும் கம்பத்தைப் பற்றிய பிறகே கால் பிடியை விட வேண்டும். முழங்கால் மடிப்பில் தொங்கும் நிலையில் இது உயிர் காக்கும். தொங்கிக்கொண்டு கைகளை விரித்துச் சிரிப்பது படத்துக்கு அழகு. அங்கிருந்து வயிற்றைச் சுருக்கி எழுந்து கம்பத்தை மறுபடி பிடிக்கத் தெரியாதவரை கைகளை விடவே கூடாது. தரையில் மல்லாந்து படுத்து வயிற்றைச் சுருக்கி எழும் பயிற்சியை ஒதுக்குகிறவர்கள் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

சுழற்சிகள் வருகின்றன என்கிறீர்கள். இரண்டு பக்கமும் வருகின்றனவா? வலது பக்கம் மட்டும் ஃபயர்மேன் ஸ்பின் என்ற அடிப்படைச் சுழற்சியைச் செய்தால் ஒரு பக்கம் மட்டும் பலம் கூடும். வராத பக்கத்தை முதலில், உடல் களைக்கும் முன் செய்யுங்கள். ஃபயர்மேன் ஸ்பின்னில் பொதுவாக நான் பார்க்கும் குறை, கம்பத்தைச் சுற்றிப் போகாமல் கம்பத்தின்மேல் தாவி ஏறுவது. வெளிக்கால் அகல வட்டம் போட்டு வர வேண்டும். அந்த வீச்சுதான் சுழற்றும், கைகள் தாங்கினால் மட்டும் போதும். இரண்டு முழங்கால்களும் கம்பத்தை நடுவில் வைத்து அழுத்தியபடி, தரையில் பாதம் ஓசையில்லாமல் இறங்கினால் அந்தச் சுழற்சி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தடால் என்று இறங்கினால் இன்னும் இல்லை.

தொடையால் கம்பத்தைக் கவ்வி உட்காரும் நிலையில் எரியும், கண்ணீர்கூட வரும். அந்த எரிச்சலும் கன்றலும் சில வாரங்களில் குறையும், தோல் பழகிவிடும். பொறுத்துக்கொள்ளக் கூடாத வலிகள் வேறு: விரல் மரத்துப் போவது, தோளுக்குள் ஊசி குத்துவது, முழங்கையின் உள்பக்கத்திலோ வெளிப்பக்கத்திலோ வாளியைத் தூக்கும்போது வலிப்பது. தசை வேகமாக வளரும், தசைநார் மெதுவாகத்தான் பழகும். அதனால் பலம் வந்துவிட்டது என்று நீங்கள் மகிழும் நேரத்தில்தான் முழங்கை போகும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும், இடையே ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். எந்நேரமும் இறுக்கிப் பிடிக்கும் கைக்கு விரிக்கும் பயிற்சியும் தேவை. கடையில் கீரைக்கட்டுக்குப் போடும் ரப்பர் பட்டை ஒன்றை ஐந்து விரல் நுனிகளிலும் மாட்டி, விரல்களை விரித்து, மெதுவாக மூடுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று சுற்று. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம். புகைமூட்டம் வந்து காற்று கெட்ட நாள்களில் நீட்டிப்புப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது ஹேண்ட்ஸ்பிரிங். நீங்கள் பார்த்த காணொளியில் மேல் கை உள்பக்கமாக முறுக்கிக் கம்பத்தைப் பிடித்திருக்கும், கீழ்க் கை தள்ளும், உடல் பக்கவாட்டில் எழும். அந்த முறுக்கிய பிடியில் தோள் மூட்டு திரும்பிய நிலையிலேயே உங்கள் எடையின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. ஓடி வந்து உந்தினால் அந்த இழுப்பு இன்னும் கூடும். அனுபவமுள்ள ஆசிரியர்களிலேயே பலர் அந்தப் பிடியைக் கற்பிக்கத் தயங்குகிறார்கள். தலைகீழில் நிதானமாக ஏறி இறங்கவும், அங்கிருந்து அயேஷா (கைகளால் மட்டும் தலைகீழாகத் தாங்கி நிற்பது) போன்ற நிலைகளுக்கு முறுக்காத பிடியில் போய் வரவும் தெரிந்த பிறகு, ஆசிரியரின் கண்முன்னே அதைத் தொடலாம். தோள் ஒரு முறை கெட்டால் சேலை முந்தானையைப் பின்னால் எடுத்துப் போடுவதுகூடக் கடினம். அந்த ஒரு காணொளிக்காக அதை விலையாகக் கொடுக்காதீர்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இன்றைய வடிவில் இந்த நடனம் இரவு விடுதி மேடைகளில் ஆடிய பெண்களிடமிருந்து வந்தது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. நீங்கள் பழகும் நிலைகளில் பலவற்றைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான், அந்த உழைப்புக்கு மரியாதை தர வேண்டும். 1990களில் கனடாவில் ஃபானியா மாண்டே போன்றவர்கள் அதை வகுப்பாகக் கற்பிக்கத் தொடங்கினார்கள். 2009இல் பன்னாட்டு போல் விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. 2012இல் லண்டனில் உலகப் போட்டி நடந்தது. 2017இல் பன்னாட்டு விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் அந்தப் போல் விளையாட்டுக் கூட்டமைப்புக்குப் பார்வையாளர் தகுதி வழங்கியது.

கம்பம் நமக்கும் புதிதில்லை. கோவில் திருவிழாவில் வழுக்கு மரம் ஏறுவதை அம்மா கேள்விப்பட்டிருப்பார். மரக் கம்பத்தில் ஏறி உடல் வித்தைகள் செய்யும் மல்லர் கம்பத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் விழுப்புரம் அதற்குப் பேர்போன இடம், ஆண் பெண் இரு பாலரும் ஆடுகிறார்கள். 2013இல் மத்தியப் பிரதேசம் அதை மாநில விளையாட்டாக அறிவித்தது, 2019இல் மும்பையில் அதற்கு உலகப் போட்டியும் நடந்தது. அவர்கள் மரக் கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவி ஆடுவார்கள், நாம் எண்ணெயைத் துடைத்து எடுக்கிறோம். ஆனால் முழங்கால் மடிப்பாலும் தொடையாலும் கம்பத்தைக் கவ்வும் வேலை ஒன்றேதான். குட்டைக் கால்சட்டைதான் அம்மாவுக்கு உறுத்தலாக இருக்கும். துணி உலோகத்தில் நிற்காது, தோல்தான் பிடிக்கும் என்று சொல்வதை விடக் காட்டுவது நல்லது. நீளக் கால்சட்டையோடு ஒரு முறை கம்பத்தில் உட்கார்ந்து காட்டுங்கள், நீங்கள் வழுக்கிக் கீழே வருவதை அவரே பார்த்துக்கொள்வார். சன்னல் திரையைப் போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஊர் வாயை மூட முடியாது, திரையை மூடலாம். அவர் மனம் மாறாமல் போகலாம். ஆனாலும் அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் பயிற்சி செய்யுங்கள். பிடிக்காவிட்டாலும், நீங்கள் விழுந்தால் ஓடி வரப் போகிறவர் அவர்தான். விழுந்து கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தால் தூக்கி நிமிர்த்தாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எண் 999.

உடன் சேர்ந்தவர்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். வகுப்புக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பவரும், அதிகாலையில் எழுந்து ரயிலைப் பிடிப்பவரும் ஒரே காலத்தில் ஒரே நிலையைத் தொட மாட்டார்கள். உங்களுக்குக் கிடைப்பது மாதத்தில் இரண்டு வகுப்பு. அதைப் புது நிலைகளில் கரைத்துவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது ஆசிரியரிடம் மூன்றைக் கேளுங்கள்: தலைகீழிலிருந்து நான் இறங்கும்போது இடுப்பைத் தாங்கிக்கொண்டு, எந்த இடத்தில் எடை நழுவுகிறது என்று சொல்லுங்கள். என் இடது பக்கத்தைப் பாருங்கள். அடுத்த வகுப்பு வரை வீட்டில் தனியாகச் செய்யக் கூடாதவை எவை என்று எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளைக் கம்பத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, காணொளியைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து எனக்கு அனுப்புங்கள். தோளைப் பார்த்துச் சொல்கிறேன்.